கட்டில் கம்பியில் கட்டிய கைப்பட்டை: பினாங்கு மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்து 2016இல் ஓய்வுபெற்றவள் நான். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வார்டில் என்னை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டவர்கள் இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்த மடலை ஒரு நோயாளியின் தங்கையாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா, நடுநடுவே மிஸ்ஸியும் பேசுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இருபது வருடச் சர்க்கரை. காலில் வந்த புண் ஆறாமல் போகவே தீவில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. உங்களில் ஒருவருக்கு இதைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு, உங்கள் வார்டிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆறு கட்டில் போட்ட அறை. சேர்த்த அன்றே அக்காவின் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை கட்டினார்கள். அதில் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், ஒரு பார்கோடு. மருந்து கொடுக்கும்போதும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும்போதும் அந்தப் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். ‘பீப்’ என்று சத்தம் வந்தால் ஆள் சரி, மருந்து சரி என்று அர்த்தம். அப்படித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய சில ஆண்டுகளில்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கழிவறைக்குப் பக்கத்தில் கட்டில் கிடைத்தால் அக்காவுக்கு நல்லது என்று கேட்டேன். அங்கே படுத்திருந்த அம்மாவும் ஏர்கோன் குளிர் நேராக முகத்தில் அடிக்கிறது, வேறு இடம் கொடுங்கள் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சரி, இருவரும் மாறிக்கொள்ளட்டும் என்று தாதியர் ஒத்துக்கொண்டார்கள். ஆட்கள் மாறினார்கள். கோப்புகள் மாறின. தண்ணீர்க் குவளை, போர்வை, அலமாரியில் இருந்த மைலோ டின் எல்லாம் மாறின. கட்டில் கம்பியில் கட்டியிருந்த கைப்பட்டைகள் மட்டும் அங்கங்கேயே இருந்தன.

கட்டில் கம்பியில் கைப்பட்டை எதற்கு என்று கேட்பீர்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பட்டை அச்சடிப்பார்கள். ஒன்று கைக்கு, இன்னொன்று கம்பிக்கு. சில இடங்களில் கம்பிக்குப் பதில் கோப்பின் முதுகில் ஒட்டுவார்கள். கணினி வண்டியை இரண்டு கட்டிலுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போக இடம் போதாது. ஸ்கேனரின் வயர் எட்டாது. நோயாளி போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு அப்போதுதான் கண் அசந்திருப்பார். கையில் உள்ள பட்டையோ மூன்று நாளில் மங்கி, சுருங்கி, சாம்பார் பட்டு, ஆறு தடவை காட்டினாலும் படிக்காது. கம்பியில் உள்ளது புதுசு மாதிரி இருக்கும். முதல் தடவையிலேயே ‘பீப்’.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நானும் செய்திருக்கிறேன். கடைசி இரண்டு வருடம் என் வார்டின் மருந்து வண்டியில், இழுப்பறையின் உள்பக்கம், எட்டு நோயாளிகளின் ஒட்டுச்சீட்டு வரிசையாக இருந்தது. ஒட்டியது நான்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு இரவுத் தாதி வந்தாள். சின்னப் பெண். அந்த வார்டுக்கு அன்றிரவு இரண்டே பேர். அக்காவின் விரலில் குத்தி இரத்தத்தைத் தாளில் தொட்டாள். மீட்டரில் 4.3 என்று காட்டியதை நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். கம்பியில் இருந்த பட்டையை ஸ்கேன் செய்தாள். பீப். கழிவறைப் பக்கக் கட்டிலில் இப்போது அக்கா; ஆனால் கம்பியில் இருந்தது அந்த அம்மாவின் பட்டை. பிறகு ஏர்கோனுக்கு அஞ்சி இடம் மாறிய அந்த அம்மாவிடம் போனாள். அங்கேயும் பீப்.

ஏழரைக்குப் பகல் ஷிப்ட் தாதி இன்சுலினோடு வந்தாள். “ஆன்ட்டிக்குச் சுகர் ரொம்ப ஏறிப்போச்சு, டாக்டர் டோஸைக் கூட்டச் சொல்லியிருக்காங்க” என்றாள். திரையை எட்டிப் பார்த்தேன். அக்கா பெயருக்கு நேரே 16.8.

“கொஞ்சம் நில்லும்மா. இன்னொரு தடவை குத்திப் பாரு.”

குத்தினாள். 4.0. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. 4க்குக் கீழே இறங்கினால் தாழ் சர்க்கரை. மயக்கம், வலிப்பு, அதற்கு மேலும் போகலாம். அந்த அளவில் இருக்கிற கிழவிக்குக் கூட்டிய டோஸ் இன்சுலின் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவமனை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. பின்னால் வந்த சம்பவ அறிக்கையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதை வைத்துப் பார்கோடே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனைக்கு இந்த யோசனையைக் கொண்டுவந்ததே ஒரு தாதிதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்த சூ கின்னிக், 1990களின் தொடக்கத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் கையில் ஒரு ஸ்கேனரைப் பார்த்தார். காருக்கு இதைச் செய்ய முடியுமென்றால் மருந்துக்கு ஏன் முடியாது என்று கேட்டார். பத்தாண்டுக்குள் அந்த நாட்டின் படைவீரர் மருத்துவமனைகள் முழுக்க அது பரவியது. பயன் இருக்கிறது என்பதும் உண்மை. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், மருந்து கொடுப்பதில் நேரத் தவறுகளை விட்டுவிட்டு மற்றத் தவறுகளைப் பார்த்தால் அவை 41 விழுக்காடு குறைந்திருந்தன. அப்படி ஒரு குறைவை எந்தத் தாதியும் வேண்டாமென்று சொல்லமாட்டாள்.

ஆனால் விற்க வருகிறவர் உங்களுக்குக் காட்டுவது அந்த ஓர் எண்ணைத்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2008இல், அதே நாட்டில் ஐந்து மருத்துவமனைகளில் தாதியர் பார்கோடை நிஜத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூட நின்று பார்த்து ஓர் ஆய்வு வந்தது. முறையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழிகள் 15 வகை என்று அதில் எண்ணியிருந்தார்கள். அவற்றுக்கான காரணங்கள் 31. நனைந்த பட்டை, கடித்த பட்டை, காணாமல்போன பட்டை, கசங்கிய மருந்துச் சீட்டு, தீர்ந்துபோன பேட்டரி, விட்டு விட்டு வரும் வயர்லெஸ், பார்கோடே இல்லாத மருந்து, அவசரம். நூறு மருந்துக்குப் பத்து என்ற கணக்கில் எச்சரிக்கையைத் தாண்டிப் போயிருந்தார்கள். நோயாளியின் பார்கோடைக் கையில் இல்லாமல் வேறெங்காவது ஒட்டிவைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், நம்மைவிடப் பணக்கார மருத்துவமனைகளில், நம் வார்டில் நடந்ததே நடந்திருக்கிறது. தாதியர் சோம்பேறிகள் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவு கட்டவில்லை. முறை வேலையோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள்.

இதில் எனக்கு மிகவும் எரிச்சலாக இருக்கும் ஒன்று, விழுக்காடு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரம் போடும் லீப்ஃபிராக் என்ற அமைப்பு, கொடுக்கும் மருந்துகளில் 95 விழுக்காட்டுக்காவது நோயாளியையும் மருந்தையும் ஸ்கேன் செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. இங்கேயும் சில வார்டுகளில் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் இதுபோல ஓர் எண் தொங்குகிறது. எண் குறைந்தால் சிஸ்டரின் முகம் மாறும். சரி, கம்பியில் கட்டிய பட்டையை ஸ்கேன் செய்தால் அந்தக் கணக்கில் என்ன விழும்? ஒன்று கூடும். கையில் உள்ள பட்டை படிக்காமல் போய், நோயாளியை எழுப்பி, பெயரைக் கேட்டு, ஐசி எண்ணைக் கோப்போடு ஒத்துப் பார்த்து, கையால் பதிவு செய்தால்? ஒன்று குறையும். பார்க்க வேண்டியதை ஒழுங்காகப் பார்த்தவளுக்கு மதிப்பெண் போகிறது. நம் வார்டுகளில் விழுக்காடு 98, 99 என்று வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நான் என்றால் கட்டில் கம்பிகளைப் போய்ப் பார்ப்பேன்.

பட்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலரும் வாங்குவது சூட்டில் அச்சாகும் மலிவான பட்டை. மை கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். நம் ஊர் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் அது எப்படி நிற்கும்? ஒவ்வொரு கட்டில் முனையிலும் சானிடைசர் வைத்திருக்கிறோம். அந்த ஆல்கஹால் பட்டுப் பட்டே கோடுகள் கரைகின்றன. ஒரு பக்கம் கையைக் கழுவு என்கிறோம், இன்னொரு பக்கம் கழுவினால் அழிகிற பட்டையைக் கட்டுகிறோம். கைக்குழந்தைகளுக்கு இன்னும் மோசம். நீளமான கோட்டுப் பார்கோடு அவ்வளவு சின்ன மணிக்கட்டில் வளைந்து பாதி மறுபக்கம் போய்விடும். ஸ்கேனர் நேர்கோட்டில் முழுவதையும் பார்த்தால்தான் படிக்கும். கட்டம் கட்டமாக இருக்கும் சதுரக் குறி அதைவிடச் சின்ன இடத்தில் அடங்கும், கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும். மை நாடா வைத்து அச்சடிக்கும் பட்டையும் கிடைக்கிறது. விலை கூடத்தான்.

படிக்காமல் போவதாவது தெரியும். தப்பாகப் படிப்பது தெரியாது. அப்படி நடக்காது, அதில் சரிபார்க்கும் இலக்கம் இருக்கிறது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் அச்சுக் குறைபாடுள்ள கைப்பட்டையைச் சர்க்கரை மீட்டரின் ஸ்கேனர் வேறோர் எண்ணாகப் படித்து, முடிவு இன்னொரு நோயாளியின் கணக்கில் போய் விழுந்ததை 2010இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தார் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் அது நடக்கும்போதும் ‘பீப்’ அதே சத்தத்தில்தான் வரும்.

இனி பெயர் விஷயம். இதை நம் ஆட்கள் அல்லாமல் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், நடுவில் த/பெ, அப்பா பெயர். லெட்சுமி த/பெ முனியாண்டி. லெட்சுமியை எத்தனை விதமாக ரோமன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பழைய பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தக் காலத்துத் தோட்டத்து எழுத்தரான கிராணிக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. இதைக் கைப்பட்டையில் அச்சடிக்கும்போது மென்பொருள் இத்தனை எழுத்துதான் என்று வெட்டிவிடுகிறது. முனியாண்டி, முனிசாமி, முனியன் எல்லோரும் ‘முனி’யோடு நிற்கிறார்கள். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி த/பெ முனி படுத்திருந்த நாளை நான் பார்த்திருக்கிறேன். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வரும் நோயாளிகளில் சிலருக்குக் கடப்பிதழில் ஒரே ஒரு சொல்தான் பெயர். அவர்களுக்கும் இதே பாடு வேறு விதத்தில்.

பார்கோடு இருக்கும்போது பெயர் வெட்டுப்பட்டால் என்ன, இயந்திரம் எண்ணைத்தானே பார்க்கிறது என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மனிதர்கள் பார்க்க வேண்டிய பகுதியைச் சின்னதாக்கிவிட்டு, பட்டையின் பாதியை எந்த மனிதராலும் படிக்க முடியாத கோடுகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். நம் ஐசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். முதல் ஆறில் பிறந்த தேதி, அடுத்த இரண்டில் பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். 51 என்று தொடங்கி நடுவில் 07 வந்து இரட்டையில் முடிந்தால், 1951இல் பினாங்கில் பிறந்த ஒரு பெண். எதிரே படுத்திருப்பது முப்பது வயது வாலிபன் என்றால் எந்தத் தாதிக்கும் அந்த இடத்திலேயே உறுத்தும். எந்த இயந்திரமும் வேண்டாம், கண் போதும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! அதைக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் மூலையில் அச்சடிக்கிறோம்.

நோயாளியை அடையாளம் காண இரண்டு தகவலாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007லேயே சொல்லிவிட்டது. பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று. நம் தாதியர் பயிற்சியிலும் இது முதல் பாடம். கேட்கும் விதமும் பாடத்தில் உண்டு. “நீங்க மாரியம்மாதானே?” என்று கேட்கக் கூடாது, “உங்க பேரைச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். காரணம், நம் கிழவிகள் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலே தலையாட்டுவார்கள். நீங்க சரஸ்வதிதானே என்றாலும் அதே தலையாட்டல்தான். பிறந்த தேதி கேட்டால், “ஆடி மாசம்னு அம்மா சொல்லும்” என்பார்கள். ஐசியில் உள்ள தேதி யாரோ போட்டது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், கொஞ்சம் தமிழும் வேண்டும். மாண்டரினோ ஹொக்கியனோ பேசும் கிழவருக்கு அந்தப் பாஷை வேண்டும். ஸ்கேனர் வந்ததும் இந்தத் தொல்லை விட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். பீப் கேட்ட பிறகு யார் பெயரைக் கேட்பார்கள்? அக்கா ஒன்பது நாள் அங்கே இருந்தார். நான் கூட இருந்த பொழுதுகளில் அவரிடம் பெயர் கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்தவர்.

மருந்துப் பக்கம் வருவோம். மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் பார்கோடு பெரும்பாலும் மளிகைக் கடையில் மசாலாத்தூள் பாக்கெட்டில் இருக்கும் அதே வகைதான். 955 என்று தொடங்கினால் மலேசியாவில் பதிவான எண். இன்ன கம்பெனியின் இன்ன பொருள் என்று அது சொல்லும். காலாவதி தேதியைச் சொல்லாது, எந்தத் தொகுதியில் வந்தது என்று சொல்லாது. அதையெல்லாம் சொல்கிற சதுரக் குறியும் சில மருந்துகளில் வருகிறது. பெட்டியில் சரி, பெட்டியைப் பிரித்து அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக் கத்தரித்த பிறகு? அந்தத் துண்டில் கோடும் இல்லை, சில சமயம் பெயர்கூட இல்லை. மருந்தகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலமாக்கிப் புதுச் சீட்டு ஒட்ட வேண்டும். அங்கே ஒரு சீட்டு மாறி ஒட்டப்பட்டால் வார்டில் உள்ள ஸ்கேனர் தப்பான மருந்துக்கும் பச்சை விளக்கு காட்டும். அரை மாத்திரை என்று மருத்துவர் எழுதினால் ஸ்கேனர் முழு மாத்திரையின் பார்கோடைப் படித்துவிட்டுத் தலையாட்டும். உடைப்பது தாதியின் ஞாபகத்தில்.

இன்சுலின் பேனா என்னைத் தூங்கவிடாத விஷயம். ஒரே வகை இன்சுலின் பேனா நாலு நோயாளிகளுக்கு நாலு, குளிர்பெட்டியில் ஒரே தட்டில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் நோயாளியின் பெயர்ச்சீட்டு தனியாக ஒட்டியிருக்கும். தாதி பேனாவில் கம்பெனி அச்சடித்த பார்கோடை ஸ்கேன் செய்தால் நாலுமே ஒன்றுதான். பக்கத்துக் கட்டில்காரரின் பேனாவை எடுத்தாலும் பீப் வரும். ஊசி மாற்றினாலும் பேனாவின் உள்ளே முந்தியவரின் இரத்தம் திரும்பி ஏறியிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எச்ஐவி வரை அந்த வழியில் போக முடியும். 2013இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு மருத்துவமனை, பேனாக்கள் ஒருவருக்கு மேல் பயன்பட்டிருக்கக்கூடும் என்று சொல்லி 700க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டிவந்தது. அது எந்த வகை மருத்துவமனை தெரியுமா? முன்னாள் படைவீரர் மருத்துவமனை. பார்கோடு பிறந்த வீடு.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திரையில் மருந்து கொடுக்கும் நேரம் சிவப்பாக ஏறிக்கொண்டே இருக்கும்போது, தாதியின் கால் தானாகத் திரையின் பக்கம்தான் போகும். அந்தப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதையேதான் சொன்னது: நேரம் பதிவாகிற வேலை முன்னால் போகிறது, பதிவாகாத வேலை பின்னால் போகிறது. அழுகிற கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பது எங்கேயும் பதிவாவதில்லை. புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். பழைய மருந்துத் தாளை மருத்துவர்கள் வார்டு சுற்றி வரும்போது கையில் எடுத்து ஒரு பார்வையில் பார்த்துவிடுவார்கள். இப்போது மருத்துவர் ஒரு திரையில், தாதி ஒரு திரையில். முன்பெல்லாம் அந்தத் தாளை வைத்து எவ்வளவு பேசிக்கொள்வோம், சண்டையும் போடுவோம்.

கணினி நின்றுபோகிற நாளைப் பற்றி நீட்டவில்லை. 2017இல் இங்கிலாந்து மருத்துவமனைகள் ஒரு கணினிக் கிருமியால் முடங்கியது செய்தியில் வந்ததுதான். அப்படி ஒரு நாள் வந்தால், காகிதத்தில் மருந்து எழுதிக் கொடுத்துப் பழக்கமே இல்லாத ஒரு தலைமுறைத் தாதியர் உங்களிடம் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை தீயணைப்பு ஒத்திகை நடத்துகிறீர்களே, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டால், முதலில் ஓர் இரவு வாருங்கள். நிர்வாகக் குழுவில் ஒருவர், யாராக இருந்தாலும் சரி, அறிவிக்காமல், விடியற்காலை ஐந்து மணிக்கு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் கம்பியில் ஒரு பட்டைகூட இருக்காது. அந்த வித்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வந்து பார்த்துவிட்டு, கம்பியில் கட்டியதற்காக யாரையும் திட்டாமல், ஏன் கட்டினாய் என்று கேளுங்கள். வண்டி நுழையவில்லை என்றால் கையடக்க ஸ்கேனர் வாங்குங்கள். பட்டை அழிகிறது என்றால் நல்ல பட்டை வாங்குங்கள். ஆள் பற்றவில்லை என்றால் ஆளைப் போடுங்கள். இந்தக் கடைசிப் பதில்தான் உங்களுக்குக் கசக்கும், தெரியும். ஸ்கேனர் வாங்கக் கேட்டபோது ஆள் குறைவைச் சமாளிக்கத்தான் என்று ஒரு வரி எழுதியிருப்பீர்களே. ஆனால் ஸ்கேனர் கூடுதல் வேலை. ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பைவிட நேரம் கூடத்தான் பிடிக்கும்.

பெயரை முழுதாக அச்சடியுங்கள், த/பெயோடும் அப்பா பெயரோடும். ஐசி எண்ணை என் வயதுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் போடுங்கள். கோடு சின்னதாகிறதே என்றால் சதுரக் குறிக்கு மாறுங்கள். இன்சுலின் பேனாவில், கம்பெனியின் பார்கோடை மறைத்து, நோயாளியின் பார்கோடு உள்ள சீட்டை மருந்தகமே ஒட்டட்டும். அறிவிப்புப் பலகையில் அந்த விழுக்காட்டைத் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் அதன் பக்கத்தில், இந்த மாதம் எத்தனை நோயாளிகளிடம் பெயர் கேட்டோம் என்று நோயாளிகளிடமே கேட்டு இன்னோர் எண்ணையும் தொங்கவிடுங்கள்.

அறிக்கைக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து உங்களில் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், வருத்தம் தெரிவித்திருந்தீர்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: தாதியின் கவனக்குறைவு. சம்பந்தப்பட்டவருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 2017இல் ஒரு தாதி, மருந்து எடுக்கும் இயந்திரத்தில் தடையைத் தாண்டித் தப்பான மருந்தை எடுத்தாள். கொடுக்கப்போன பிரிவில் பார்கோடு ஸ்கேனரே இல்லை. நோயாளி இறந்துபோனார். தடையைத் தாண்டி எடுப்பது அங்கே தினமும் நடந்ததுதான் என்று அவள் விசாரணையில் சொன்னாள். 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது அவள் ஒருத்திக்குத்தான். அவள் செய்தது பெரிய தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் வார்டில் அந்த விடியற்காலை நடந்தது அந்த அளவுக்குப் போகவில்லை. போயிருந்தால், இரவுத் தாதியான அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் பெயர்தான் பத்திரிகையில் வந்திருக்கும். கம்பியில் பட்டை கட்டுவது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அந்த வார்டில் இருந்த வழக்கம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என் வயதுக்காரர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த அறிக்கையில் காரணம் என்ற இடத்தைத் திருத்துங்கள். ‘கட்டிலில் உபரிக் கைப்பட்டை இருந்தது, நோயாளிகள் இடம் மாறியபோது அது அகற்றப்படவில்லை, இரவு வார்டில் இரண்டு தாதியர் மட்டுமே இருந்தனர்’ என்று எழுதுங்கள். மூன்று வரி. திருத்திய நகல் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினால் போதும், முகவரி உங்கள் கோப்பில் இருக்கிறது. இன்னொரு நகல் அந்தப் பெண்ணின் பணிக்கோப்பில் போக வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமாகும் மதிப்பீடு இருக்கிறதாம். அக்காவின் புண்ணுக்குக் கட்டுப் போடப் போனபோது அவளே சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
பட்டர்வொர்த்.